செவிப்புலன் குன்றியோர்க்குத் தக்க தொழில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆண்டு விழா மேடையில் சங்க இலக்கியத்தின் சிறப்பையும் கம்பனின் கவிநயத்தையும் கேட்டு மகிழ்வது நமது வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் எம்மை அழைத்து, குடியிருப்பில் வாழும் குடும்பங்களுக்குப் பயன்படத்தக்க பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தனர். யாம் பெரும்புலமை வாய்ந்தவர் அல்லேம். ஆயினும், வெளியே சொல்லத் தயங்கிப் பல குடும்பங்கள் உள்ளத்திலேயே வைத்துப் புழுங்கும் ஒரு கவலையை இந்த மேடையில் வைத்துப் பேசுதல் நன்றென எண்ணினோம். செவிப்புலன் இல்லாத பிள்ளைக்கும், செவிப்புலன் குன்றிய பெரியவருக்கும் தக்க தொழில் எது, அதனைத் தேடிக் கொள்வது எவ்வாறு என்பதே அக்கவலை.

திருவள்ளுவர் கல்வியென ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாமையென ஒன்று வகுத்தார். அவற்றை அடுத்துக் கேள்வியென ஒன்று வகுத்தார். செவி வழியாக வரும் அறிவை அத்துணைப் போற்றியது நம் மரபு. அதே தமிழில்தான் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்னும் பழமொழியும் வழங்குகின்றது. பயனற்றுப் போன செயலுக்கு உவமையாக ஒரு மனிதனின் குறையை எடுத்துக் கொண்டோம். சங்கை ஊதியவன், அவன் கண் முன்னே கையை அசைத்தானா, ஒரு சீட்டில் எழுதிக் காட்டினானா என்று நாம் கேட்டதில்லை. இன்று யாம் சொல்ல விரும்புவது முழுவதும் அந்த ஒரு கேள்வியினுள் அடங்கும்.

அன்பர்களே! பிழைப்பை நாடி மைசூருக்கு வந்த நமக்கு இத்துன்பம் ஓரளவு விளங்கும். கன்னடம் அறியாத தொடக்க நாட்களில் தேவராஜ மார்க்கெட்டில் காய்கறி வாங்க நின்றதை எண்ணிப் பாருங்கள். எதிரில் இருப்பவரின் வாய் அசைகின்றது, ஒலியும் வருகின்றது, பொருள் விளங்கவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது நாமும் காரணமறியாமல் சிரித்து வைத்தோம். ஓராண்டில் மொழி வசப்பட்டது, துன்பம் தீர்ந்தது. செவிப்புலன் குன்றிய பிள்ளையோ தன் சொந்த வீட்டிலேயே, தாய் தந்தையரிடையிலேயே, அந்த அயலூர்க்காரனின் நிலையில் ஆண்டுக்கணக்கில் இருக்கின்றது.

முதலில் குறையின் தன்மையை அறிவோம். ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் அளக்கின்றனர். இருவர் அருகிருந்து பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல் அளவினது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு செவிகளிலும் பேச்சொலி அலைவெண்களில் 70 டெசிபல் இழப்பு உடையோரைக் காது கேளாதோர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உடையோரைச் செவிப்புலன் குன்றியோர் என்றும் வகைப்படுத்துகின்றது. அதனினும் குறைந்த இழப்புடையோரும் பலர் உளர். அவர்களிற் பலருக்குத் தாழ்ந்த ஒலிகள் கேட்கும்; மேலொலிகள் கேளா. உயிரெழுத்துகளின் ஓசை செவியில் விழும். சகரம் முதலான சில மெய்களின் ஓசை நழுவிப் போகும். சத்தம் கேட்கின்றது, சொல் விளங்கவில்லை என்று அவர்கள் சொல்வது இதனாலேயே. நாமோ, ‘அவனுக்கு வேண்டியபோது நன்றாய்க் கேட்கும்’ என்று பழிக்கின்றோம். உரக்கக் கத்துகின்றோம். கத்துவதால் ஓசை பெருகுமேயன்றிச் சொல் தெளிவடையாது. முகத்தைக் காட்டி, வெளிச்சத்தில் நின்று, நிதானமாகப் பேசினால் பாதித் துன்பம் அகலும்.

நாம் வாழும் இம்மைசூர் நகரம் இத்துறையில் இந்திய நாட்டிற்கே வழிகாட்டி என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? 1901ஆம் ஆண்டிலேயே எம். சீனிவாசராவ் என்னும் பெருமகனார் காது கேளாதோர்க்கும் கண் பார்வையற்றோர்க்கும் இந்நகரில் பள்ளி தொடங்கினார். 1965ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் மானசகங்கோத்ரியில் உள்ளது. மத்திய அரசின் சுகாதார அமைச்சகத்தின் கீழ் தன்னாட்சி உரிமையோடு இயங்கும் அந்நிறுவனத்தை நாடிப் பிற மாநிலங்களினின்றும் பெற்றோர் குழந்தைகளோடு ரயிலேறி வருகின்றனர். நாமோ அதன் வாயிலில் பேருந்தில் அன்றாடம் போய் வருகின்றோம். உள்ளே நுழையத் தயங்குகின்றோம். 1991ஆம் ஆண்டில் ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனியாக ஒரு பாலிடெக்னிக்கைத் தொடங்கியது. கட்டடக்கலை, கணிப்பொறி, அணிகலன் வடிவமைப்பு, வணிக நடைமுறை முதலிய பாடங்களில் டிப்ளமா பெற அங்கே வழியுண்டு. ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு தாகத்தால் வாடுவது போன்றது நமது நிலை.

தயக்கத்திற்குக் காரணம் என்ன? வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாதே, பையனுக்கு வேலை கிடைக்காதே என்னும் அச்சமே. மறைத்து வைத்தால் வேலை கிடைக்குமா என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். நாம் அறிந்த இளைஞர் ஒருவர். பத்தாம் வகுப்புத் தேறியவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கணக்கில் பிழை வாராது. ஒரு நிறுவனத்திற்கு விண்ணப்பம் எழுதினார். செவிப்புலன் குன்றியவர் என்பதை விண்ணப்பத்தில் குறிக்க வேண்டாவெனப் பெரியவர்கள் தடுத்துவிட்டனர். விண்ணப்பத்தைக் கண்டு விரும்பிய நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்தனர். அவர் எடுத்தார், சொன்னது விளங்காமல் இரண்டு முறை ‘என்ன சார்?’ என்றார், மறுமுனையில் இணைப்பைத் துண்டித்தனர். திறமை இருந்தது, காலியிடமும் இருந்தது. ‘எனக்குக் கடிதம் மூலமோ குறுஞ்செய்தி மூலமோ தெரிவியுங்கள்’ என்னும் ஒரு வரி விண்ணப்பத்தில் இல்லாமற் போயிற்று.

ஆதலின், தொழில் தேடும் குடும்பத்தார்க்கு யாம் வைக்கும் கருத்து இதுவே. ‘இவனுக்கு எவ்வளவு கேட்கும்?’ என்று முதலில் வினவாதீர்கள். ‘இந்தத் தொழிலில் செய்தி எந்த வழியாக வருகின்றது?’ என்று வினவுங்கள். செவி வழியாக வருகின்றதா? கண் வழியாக வருகின்றதா? தாளில் வருகின்றதா? திரையில் வருகின்றதா? செவி வழியாக வருவதைக் கண் வழியாக மாற்ற இயலுமா?

எமக்குப் பழக்கமான ரயில்வேயையே எடுத்துக் கொள்வோம். ஒரே கூரையின் கீழ் எத்தனை வகை வேலைகள்! விசாரணை முகப்பில் இருப்பவருக்கு எல்லாம் செவி வழியே வரும். கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசியே உயிர். சம்பளப் பட்டியல் எழுதும் பிரிவிலோ எல்லாம் தாளிலும் திரையிலும் வரும். பண்டகசாலைப் பேரேடும், விடுப்புக் கணக்கும், ஓய்வூதியக் கோப்பும் அத்தகையனவே. வண்டி ஓட்டுநர், நிலைய அதிகாரி போன்றோர்க்குப் பொதுமக்களின் உயிர் கருதிக் கடுமையான மருத்துவத் தகுதி வகுக்கப்பட்டுள்ளது, அது நியாயமே. ஆனால் அதனைக் கண்டு ரயில்வே முழுவதும் செவிப்புலன் உடையோர்க்கே உரியதென எண்ணுதல் தவறு. ரயில்வே தேர்வு வாரிய அறிவிக்கைகளின் பின்னிணைப்பில், எந்தப் பதவி எந்தக் குறையுடையோர்க்கு ஏற்றது என்னும் பட்டியல் வெளியாகின்றது. இளநிலை எழுத்தர், தட்டச்சர் போன்ற பதவிகள் அதில் உள்ளன. அந்தப் பின்னிணைப்பைப் பொறுமையோடு படிப்போர்தாம் குறைவு.

இவ்வினாவோடு இன்னும் மூன்று வினாக்களைச் சேர்த்துக் கொள்ளுங்கள். ஆபத்து நேரும்போது எச்சரிக்கை எவ்வாறு வரும்? சங்கொலியாக மட்டும் வருமாயின், அதனோடு சுழலும் விளக்கொன்றைப் பொருத்துவார்களா? உடன் பணிபுரிவோர் ஒருவர் இருவரா, பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டமா? ஓரிருவரோடு பழகும் இடத்தில் உதட்டசைவைக் கண்டு பொருளறிவது எளிது. மூன்றாவதாக, அத்தொழிலில் உயர்வு உண்டா? இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே நாற்காலியில் அமர்த்தி வைப்பதைத் தக்க தொழில் என்று சொல்லிவிட முடியாது.

‘செவி கேளாதவனுக்கு இரைச்சலால் என்ன கேடு? பட்டறையிலோ தறிக்கூடத்திலோ சேர்த்துவிடலாம்’ என்று சிலர் எண்ணுகின்றனர். இது பெரும்பிழை. செவிப்புலன் குன்றியோர் பலருக்கு எஞ்சிய புலன் உண்டு. நாள்தோறும் கேட்கும் பேரிரைச்சல் அந்த எச்சத்தையும் அரித்துவிடும். காதில் பொருத்திய கருவி பேச்சைப் பெருக்குவது போலவே இரைச்சலையும் பெருக்கும். இரைச்சலால் உண்டாகும் செவிட்டுத் தன்மையை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே, தச்சுப் பட்டறையாயினும் இயந்திரக் கூடமாயினும் செவிக்காப்பு அணிவது எல்லோர்க்கும் கடமை. செவிப்புலன் குன்றியோர்க்கு இருமடங்கு கடமை.

இனி, வழியை மாற்றிக் கொண்டு வென்றோர் சிலரைக் காண்போம். தாமஸ் ஆல்வா எடிசன் இளமையிலேயே செவிப்புலன் குன்றியவர். ரயில் வண்டியில் செய்தித்தாள் விற்ற அச்சிறுவருக்கு, ஒரு நிலைய அதிகாரி தந்தித் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். சுற்றிலும் எழும் ஓசைகள் எட்டாதிருந்தமையால், தம் முன்னிருந்த தந்திக் கருவியின் தட்டோசையிலேயே மனம் ஊன்ற முடிந்தது என்று அவர் பின்னாளில் கூறினார்.

நமக்கு அணித்தாக உள்ள ஓசூருக்கு வருவோம். 1980களில் அங்கே தொடங்கப்பெற்ற டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை, செவிப்புலனற்றோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளைப் பணியில் அமர்த்தியமைக்காகப் பெயர் பெற்றது. கடிகாரத்தின் நுண்ணிய உறுப்புகளைப் பொருத்துவதற்கு வேண்டுவன கூரிய கண்ணும், நடுங்காத விரலும், சிதறாத கவனமுமே. மும்பையில் 2009ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மிராக்கிள் கூரியர்ஸ் என்னும் நிறுவனம், காது கேளாத இளைஞர்களைக் கொண்டே தபால் பொதிகளை வீடு வீடாகச் சேர்ப்பித்தது. முகவரி தாளில் இருக்கின்றது; ஐயம் எழுந்தால் குறுஞ்செய்தி இருக்கின்றது; பேச்சு எதற்கு?

வழக்கறிஞர் தொழில் முழுவதும் செவியையும் நாவையும் சார்ந்ததல்லவா என்பீர்கள். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பெங்களூரைச் சேர்ந்த சாரா சன்னி என்னும் காது கேளாத வழக்கறிஞர், சைகைமொழி பெயர்ப்பாளரின் துணையோடு உச்சநீதிமன்றத்தின் முன் பங்கேற்றார். ராஜஸ்தானத்து அல்வார் மாவட்டத்தைச் சேர்ந்த மணிராம் சர்மா, குடிமைப் பணித் தேர்வில் வென்றும் செவிப்புலன் முற்றும் இல்லையென்னும் காரணத்தால் முதலில் மறுக்கப்பட்டு, விடாது முயன்று 2009இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வு பெற்றார். நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த இரஞ்சித் என்னும் செவிப்புலனற்ற இளைஞர், 2020ஆம் ஆண்டுக்கான அதே தேர்வைத் தமிழிலேயே எழுதி அகில இந்திய அளவில் 750ஆம் இடத்தைப் பெற்றார். இவர்கள் எல்லோரும் அரியவர். ஒவ்வொரு பிள்ளையும் இவர்களைப் போல் ஆக வேண்டுமென்பதில்லை. ஒரு கடையில் கணக்கு எழுதி, மாத முடிவில் தன் சம்பளத்தைத் தாயின் கையில் கொடுக்கும் பிள்ளையும் எமக்கு அவர்களுக்கு நிகரானவனே.

தொழிலுக்கு அடிப்படை மொழி. இதனை வற்புறுத்திச் சொல்ல விரும்புகின்றோம். நம் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். கேட்கும் பிள்ளை மூன்றையும் காற்றிலிருந்தே பற்றிக் கொள்ளும். கேளாத பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லையும் காட்டித்தான் கொடுக்க வேண்டும். ஆதலின் குழந்தை பிறந்தவுடனே செவிச் சோதனை செய்து, குறை தெரிந்தால் நாளைக் கடத்தாமல் கருவியோ, அறுவை மருத்துவமோ, பேச்சுப் பயிற்சியோ, சைகைமொழியோ, வல்லுநர் கூறும் வழியை மேற்கொள்ளுங்கள். எழுதவும் படிக்கவும் ஒரு மொழியிலேனும் ஆழமாகப் பழக்குங்கள். கேளாத மாணவர்க்கு மொழிப் பாடங்களில் விலக்களிக்கும் கல்வி வாரியங்கள் உண்டு, பள்ளியில் கேட்டறியுங்கள். சைகைமொழியை இழிவென எண்ண வேண்டா. அதற்கென இலக்கணம் உண்டு. புதுதில்லியில் 2015இல் நிறுவப்பெற்ற இந்திய சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் 2021இல் பதினாயிரம் சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. தமிழ்ப் பிள்ளையும் கன்னடப் பிள்ளையும் ஒன்றுபோல் கற்கக்கூடிய மொழி அது.

அடுத்து, சட்டம் தரும் காவல். 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 3 விழுக்காடு ஒதுக்கியது. அதில் 1 விழுக்காடு செவிப்புலன் குறையுடையோர்க்கு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 விழுக்காடாக உயர்த்தியது. காது கேளாதோர்க்கும் செவிப்புலன் குன்றியோர்க்கும் உரிய 1 விழுக்காடு நிலைபெற்றது. இதனைப் பெறுவதற்கு 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடையவர் என்னும் மருத்துவச் சான்று வேண்டும். மத்திய அரசு 2021 ஜனவரியில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையென 3566 பதவிகளைப் பட்டியலிட்டு வெளியிட்டது. சான்றிதழும், தனித்துவ அடையாள அட்டையும் கைவசம் இல்லாதவர்க்கு இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காயே. அட்டை வாங்குவதில் வெட்கம் வேண்டா. குடும்ப அட்டை வாங்க வெட்கப்படுகின்றோமா?

நடுவயதில் செவிப்புலன் குன்றுவோரைப் பற்றியும் ஒரு சொல். இரைச்சலில் உழைத்து உழைத்துச் செவி மந்தமான அன்பர்கள் நம் குடியிருப்பிலும் உள்ளனர். வேலை போய்விடுமோவென அஞ்சி அதனை மறைக்கின்றனர். தண்டவாளத்தின் அருகில் பணிபுரியும் ஒருவர் வண்டியின் ஊதலைக் கேளாமல் போனால் என்னவாகும்? மறைப்பது அவர் உயிருக்கும் கேடு, பிறர் உயிருக்கும் கேடு. பணிக்காலத்தில் குறை நேர்ந்தது என்பதற்காக அரசு ஊழியரை நீக்கவோ பதவியில் தாழ்த்தவோ கூடாது என 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகின்றது. அதே பணியில் தொடர இயலாதாயின், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். இடமில்லையேல் கூடுதல் பணியிடம் உண்டாக்கியேனும் வைத்திருக்க வேண்டும். ரயில்வேயில் மருத்துவத் தகுதி குறைந்தோர்க்கு மாற்றுப் பணி அளிக்கும் முறை நம்மவர் பலரும் அறிந்ததே. ஆகவே அண்ணன்மாரே, மறைக்க வேண்டா, சோதித்துக் கொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் தம்பி தங்கையர்க்கும் சில சொற்கள். உங்கள் நிலையை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள். அதனோடு, எவ்வாறு செய்தி தெரிவித்தால் உங்களுக்கு விளங்கும் என்பதையும் எழுதுங்கள். குறையை மட்டும் எழுதினால் தயங்குவார்கள். வழியையும் சேர்த்து எழுதினால் துணிவார்கள். வினாவை எழுதித் தருமாறு கேட்பதில் இழுக்கில்லை. விளங்காததை விளங்கியதுபோல் தலையசைக்காதீர்கள். அந்தத் தலையசைப்பே பின்னாளில் பெரும் பிழைகளுக்கு வித்தாகும். நீங்கள் செய்த வேலையின் மாதிரியைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

இறுதியாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, நம் குடும்பங்களின் குழந்தைகளையும் ஐம்பது வயதைக் கடந்தோரையும் ஆண்டுக்கொரு முறை செவிச் சோதனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும். இரண்டாவது, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தேர்ந்த இருவர் ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து, அடையாள அட்டைக்கும் வேலைக்கும் விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். அவ்விருவருள் ஒருவராக இருக்க யாம் இசைகின்றோம். மூன்றாவது, நம்முள் கடையும் அச்சகமும் பட்டறையும் வைத்துள்ள அன்பர்கள், ஆளுக்கு ஓர் இடமேனும் செவிப்புலன் குன்றிய இளைஞர்க்குத் தந்து பார்க்க வேண்டும். கருணைக்காகத் தர வேண்டா. ஆறு திங்கள் வேலை வாங்கிப் பார்த்துத் திறமைக்காகத் தொடருங்கள். வாய்மொழியாக இடும் கட்டளையை ஒரு சிலேட்டில் எழுதி வையுங்கள். அச்சிலேட்டால் செவி கேட்கும் பணியாளரும் பிழையின்றி வேலை செய்வதைக் காண்பீர்கள்.

இன்று இவ்வரங்கில் அமர்ந்து, யாம் பேசுவது விளங்காமல், பிறர் கைதட்டும்போது தாமும் கைதட்டுவோர் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் பொருட்டே இவ்வுரையை மலரில் அச்சிடுமாறு செயற்குழுவினரை வேண்டிக் கொண்டோம். செவியால் எட்டாதது கண்ணால் எட்டட்டும்.

 வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழ்விக்கும் கன்னட நாடு!